கை நடுங்காத மூன்று வாரங்கள்

பயிற்சிப் பள்ளியில் முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஆஃப் கிளட்ச்'. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பத்தொன்பது வருஷமாக, கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாகப் பொருத்திய ஒரு பிரேக்கோடு உட்கார்ந்துகொண்டு, "ஆஃப் கிளட்ச்... ஆஃப் கிளட்ச்லயே வைங்க... விடாதீங்க, விடாதீங்க... விட்டுட்டீங்களே!" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பாதி அழுத்திய கிளட்ச்சைச் சட்டென்று விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். அவர் கோபப்பட்டதே கிடையாது. "வண்டிதானே நின்னுச்சு? பரவால்ல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். மற்ற மாஸ்டர்களிடம் திட்டு வாங்கி அழுதவர்களெல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து சேர்வார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் போயின. வலி, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. நாடாவைத் தளர்த்தியும் சரிவரவில்லை. செருப்போடு வேலைக்குப் போனார். அடுத்த வாரம் இமைகள் வீங்கின. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்றை எடுத்து வந்தார். அதுவும் அதையே சொன்னது. பிறகு ஒன்றரை வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசி.

சிறுநீரகம் கொடுத்தது அவருடைய அக்கா. அவரைவிட ஏழு வயது மூத்தவள், தனியாள். சட்டை தைக்கிற தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. தைத்து முடித்த சட்டையெல்லாம் அவள் கைக்கு வந்துதான் பெட்டிக்குப் போகும். தளர்ந்த பொத்தான், விட்டுப்போன தையல், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய காலர், எதுவும் அவள் கண்ணில் தப்பாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் லீவு கேட்டபோது மேனேஜர், "என்னம்மா ஆபரேஷன்?" என்று கேட்டாராம். "தம்பிக்கு ஒரு பொருள் கொடுக்கணும், அது உள்ள மாட்டிக்கிட்டிருக்கு" என்றாளாம்.

ஆபரேஷன் முடிந்து இருவரும் வீடு திரும்பிய பிறகு தினமும் காலையில் போன் செய்வாள். எடுத்ததும் அவரைக் கேட்கமாட்டாள், தான் கொடுத்ததைத்தான் கேட்பாள்.

"எம் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா."

"உன் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். கண்ணு கலங்க வச்சேன்னு தெரிஞ்சுது, வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவேன், ஆமா."

இருவரும் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியும் சிரிப்பாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். சிரித்துக்கொண்டே கணவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைப்பாள். அவர்கள் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

மாத்திரைதான் இனி வாழ்க்கை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேறொருவரின் உறுப்பு உள்ளே வந்ததும் உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தாக்கும். உடம்பின் அந்தக் கோபத்தை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. காலை எட்டு மணிக்கு நான்கு, மாலை எட்டு மணிக்கு நான்கு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. மாதம் ஒரு முறை, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தின்னும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைத் தின்னும்.

அந்த மாத்திரையால் அவருக்குக் கை நடுங்கியது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். காரில் ஸ்டியரிங்கைத் திருத்தக் கை நீட்டினால் விரல்கள் தந்தியடிக்கும். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கார் ஓட்டச் சொல்லித்தருகிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் யார் வருவார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஆனாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுங்கினாலும் உயிரோடு இருக்கிற கைதானே.

அவரை அசைத்துப் பார்த்தது வேறொரு விஷயம்.

ரத்தம் எடுக்கிற இடத்தில் நீளமான ஒரு பெஞ்ச். மாதா மாதம் வருகிறவர்கள் அதில் ஒருவருக்கொருவர் பழக்கமாகியிருந்தார்கள். மாஸ்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கடிகாரக் கடைக்காரர் உட்காருவார். மாற்றுச் சிறுநீரகத்தோடு நான்கு வருஷம் ஓட்டியவர். மாத்திரை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எட்டு என்றால் எட்டுதான், எட்டு ஒன்று கிடையாது. வெளிச்சாப்பாடு தொடமாட்டார், கூட்டத்துக்குள் போகமாட்டார், தும்முகிறவரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பார். "நம்ம வேலையே நேரம் காட்டுறதுதானே தம்பி" என்று சிரிப்பார்.

ஒரு மாதம் அவர் பெஞ்சில் இல்லை. விசாரித்தபோது, நர்ஸ் கையால் மேல் மாடியைக் காட்டினார். மேல் மாடியில் டயாலிசிஸ். மாஸ்டர் படியேறிப் போய்ப் பார்த்தார். கடிகாரக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே ஆச்சு? ஏதாவது விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளை விட்டதில்ல தம்பி. ஒரு தப்பும் பண்ணல. அதுவா போயிடுச்சு."

சத்தமில்லாமல்தான் சொன்னார். புகாராகக்கூடச் சொல்லவில்லை. கீழே இறங்கி வரும்போது அவரையறியாமல் கை வலது அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தது. அங்கேதான் அக்காவின் சிறுநீரகம் இருந்தது, தோலுக்கு அடியில், ஒரு சின்ன மேடாக. அன்றிலிருந்து அந்தக் கை அடிக்கடி அங்கே போக ஆரம்பித்தது. கார் சிக்னலில் நிற்கும்போது, சாப்பிட உட்காரும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது. சுடுகிறதா, வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா? மாத்திரை மட்டும் போதாது என்ற எண்ணம் அவருக்குள் குடியேறிவிட்டது. இன்னும் ஏதாவது வேண்டும். என்ன என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மருந்துக்காரம்மா கார் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயது கடந்தவர். இரண்டு தெரு தள்ளி மூலிகை மருந்துக் கடை வைத்திருந்தார். வேரும் பட்டையும் வாங்கி வர ஒரு வேன் எடுத்திருந்தார், ஆனால் ஓட்டத் தெரியாது. "டிரைவரை நம்பி நம்பி என் சரக்கெல்லாம் மழையில நனைஞ்சுது. இனி நானே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வாய் இருந்த அளவுக்குக் காலில் நிதானம் இல்லை. எதிரே சைக்கிள் வந்தால் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார்.

"கண்ணத் திறங்கம்மா!"

"திறந்தா பயமா இருக்கு மாஸ்டர்."

"மூடுனா எனக்குப் பயமா இருக்கு!"

பத்து நாள் ஆனதும் அவரே கேட்டார், "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை ஏன் இப்படி ஆடுது?"

வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பார். இந்த அம்மாவிடம் என்னவோ சொல்லிவிட்டார். மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்காவை, மாத்திரையை, கடிகாரக்காரரை. அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வந்த விருந்தாளிய உடம்பு விரட்டப் பாக்குது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எங்கம்மா ஒரு கஷாயம் போடுவாங்க. உடம்பு தன்னையே அடிச்சுக்கிற சீக்குக்கு. ஒரு சிவப்புப் பழம், காய வச்சது. கூட ரெண்டு பட்டை. உடம்போட சூட்டைத் தணிக்கும். ஆனா ஒண்ணு. நீங்க பெரிய மருந்து சாப்பிடுறவரு. உங்க டாக்டரைக் கேக்காம நான் கொடுக்கமாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்று ஒரு தாளில் குண்டு குண்டாக எழுதி, அந்தப் பழத்தில் நாலைந்தைச் சின்ன உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "இதைக் காட்டுங்க. அவங்க சரின்னா சரி."

மாஸ்டர் தாளை மடித்து, உறையோடு சேர்த்துத் தன் மருத்துவ ஃபைலின் பின்பக்கத்தில் செருகினார். அந்த மாதம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது ஃபைல் மடியில்தான் இருந்தது. டாக்டரம்மா இளவயசுக்காரர், வேகமாகப் பேசுபவர், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். மாஸ்டருக்கு வாய் வரை வந்தது. காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு இருக்கிறது மாத்திரை மட்டும்தான். கடிகாரக்காரரைக் காப்பாற்றாத அதே மாத்திரை. அவர் மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தார்.

மருந்துக்காரம்மாவிடம் சொன்னார், "கேட்டேன். சரின்னுட்டாங்க."

மனைவியிடமும் அதையேதான் சொன்னார். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொன்னதால், சில நாளில் டாக்டரம்மா சரி என்று தலையாட்டியதே நடந்த மாதிரி அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

காலையில் எழுந்ததும் பழத்தை நசுக்கிக் கொதிக்க வைப்பார். சமையலறையெல்லாம் புளிப்பும் கசப்பும் கலந்த ஒரு வாசனை. முதல் மடக்கு இனிக்கும், பிறகு புளிக்கும், கடைசியில் நாக்கு மரத்துப்போகும். பத்தாம் நாளே கை நடுக்கம் அதிகமானது. ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. தலை விண் விண் என்று தெறித்தது. "உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வருதுபோல" என்று அவரே மனைவிக்கு விளக்கம் சொன்னார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மருந்தின் அளவு பத்தொன்பது என்று வந்தது.

டாக்டரம்மா முதல் தடவையாக எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "டோஸ் மாத்திப் போட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"புதுசா வேற மாத்திரை? சளிக்கு, இருமலுக்கு? பழச்சாறு? நாட்டு மருந்து?"

"எதுவும் இல்லைங்க."

டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மாலையில் ஒன்றாக்கினார். அதன் பிறகு அளவு வரிசைக்கு வந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் நன்றாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை மூன்றாகிவிட்டது. நடுக்கமும் பழைய அளவுக்கு இறங்கியது.

மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரே தன் கையால் மாத்திரையைக் குறைக்கிறார்! கஷாயம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கு இப்ப மூணுதான்" என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி சொன்னார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "எனக்கு இது புரியல. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன்னு புரியாம நல்லா இருந்தா எனக்குப் பிடிக்காது. ஏதாவது ஞாபகம் வந்தா போன் பண்ணுங்க" என்றார். தன் நம்பரையே எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் அதையும் வாங்கி ஃபைலில் செருகினார். மருந்துக்காரம்மாவின் தாளுக்கு மேலேயே.

இப்படியே நாலு மாதம் போனது. மருந்துக்காரம்மா மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். பள்ளியில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போனார். போகிற அவசரத்தில், "பத்து நாள்ல வந்துடுவேன் மாஸ்டர், அதுவரைக்கும் வருமில்ல?" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரசவம் சிக்கலாகிவிட்டது. பத்து நாள் ஒரு மாதமானது. போன் அடித்தால் எடுக்கவில்லை. எடுத்தபோதும் பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "வந்ததும் தர்றேன், வந்ததும் தர்றேன்" என்றது மட்டும்தான் காதில் விழுந்தது.

பொட்டலம் தீர்ந்தது. மாஸ்டர் முதலில் கொஞ்சம் கலங்கினார். பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். நாலு மாதம் குடித்தாயிற்று. உடம்பு பழகியிருக்கும். மாத்திரை மூன்றே போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் தேநீர்க் கோப்பையை எடுத்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தார்.

கை நடுங்கவில்லை.

விரல்களை விரித்தார். மடக்கினார். மனைவியை ஊசி எடுத்துவரச் சொல்லி நூல் கோத்தார், ஒரே தடவையில் நுழைந்தது. மனைவி கைகொட்டினாள். அன்று காரில் ஏறியதும் வேண்டுமென்றே நாலு தடவை ஸ்டியரிங்கைத் தொட்டுத் திருத்தினார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவருடைய பழைய கை திரும்பி வந்திருந்தது. தாளில் பாதை வரைந்து காட்டினார். கோடு நேராக வந்தது. அந்த மூன்று வாரமும் அவர் இருந்த அளவுக்குச் சந்தோஷமாக அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று பள்ளியில் பிறகு சொன்னார்கள். பாட்டுக்கூட முணுமுணுத்தாராம்.

அந்த மாதப் பரிசோதனைக்கு அவர் போகவில்லை. இரண்டு புது ஆட்களுக்குப் பயிற்சி, அடுத்த வாரம் போகலாம் என்று மனைவியிடம் சொன்னார். அடுத்த வாரமும் ஏதோ காரணம். உண்மையில், கஷாயம் இல்லாத நேரத்தில் அளவு என்னவாக இருக்குமோ என்று ஒரு பயம். அதைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சாக்ஸ் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வரி விழுந்தது. புது சாக்ஸ், இறுக்கம் அதிகம். எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. பசி நன்றாக இருக்கிறது, ஏறாதா? சாயங்காலத்தில் உடம்பு லேசாகக் கதகதத்தது. வெயிலில் நின்றதால். அடிவயிற்று மேட்டைத் தொட்டால் எங்கோ ஒரு மந்தமான நோவு. பிறகு அவர் அங்கே தொடுவதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வந்தாள். வாசலிலேயே அவர் நிறுத்தினார்.

"அக்கா, ஒரு வேடிக்கை பாரு." கோப்பையை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஒற்றைக் கையில் பிடித்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "எப்படி?"

அக்கா கோப்பையைப் பார்க்கவில்லை. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணு ஏன் உப்பியிருக்கு?"

"தூக்கம் ஜாஸ்தி."

"மோதிரம் எங்க?"

"இறுக்கமா இருந்துச்சு, கழட்டி வச்சேன்."

அக்கா குனிந்து, அவர் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினாள். எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழி நிரம்பவே இல்லை.

"செருப்பு மாட்டு" என்றாள் அக்கா. "இப்பவே."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மருந்தின் அளவு இரண்டரை. கிரியாட்டினின் முன்பிருந்ததைப்போல் மூன்று மடங்கு. டாக்டரம்மா லீவு நாளிலும் வந்துவிட்டார். மறுநாள் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்துச் சோதித்தார்கள். உடம்பு சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பித்துப் பல நாளாகிவிட்டது என்று வந்தது. டாக்டரம்மா கட்டிலருகே நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி. கால்மாட்டில் அக்கா.

"மூணு மாத்திரைக்கு வந்த அளவு, அதே மூணு மாத்திரைக்கு இப்ப வரல. நடுவுல ஏதோ ஒண்ணு வந்திருக்கு, அப்புறம் போயிருக்கு. அது என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் மேற்கொண்டு தைரியமா மருந்து கொடுக்க முடியும். என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லைங்க..."

மனைவி குழம்பிப்போய் அவரைப் பார்த்தாள். "ஏங்க, அந்தக் கஷாயம்? டாக்டர்தான் சரின்னாங்கன்னு சொன்னீங்களே?"

டாக்டரம்மா மனைவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ஃபைலோட பின்பக்கம் இருக்கு" என்றார்.

அக்காதான் எடுத்தாள். தாள், உறைக்குள் சுருங்கிப்போன நாலைந்து சிவப்புப் பழம். தேதியும் போட்டிருந்தது. அக்கா தேதியை இரண்டு தடவை படித்தாள். டாக்டரம்மாவிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "இந்தப் பழம் விஷம் இல்ல. உங்க மாத்திரைய ஈரல்தான் உடைச்சு வெளிய அனுப்பும். சில பழம், சில மூலிகை அந்த வேலைய மந்தமாக்கிடும். அதனால மருந்து ரத்தத்துல கூடவே நின்னுச்சு. அதிகமா இருக்குன்னு நான் குறைச்சேன். பழம் நின்னதும் மூணு மாத்திரை வெறும் மூணு மாத்திரையா ஆயிடுச்சு. கை நடுக்கம் நின்னுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களாமே? அது மருந்து இல்லாததால நின்னது."

சற்று நிறுத்தி, தாளை மறுபடியும் பார்த்தார். "இதை அளந்து கொடுத்து, தினம் ரத்தம் பாத்து ஆராய்ச்சி பண்றவங்ககூட இருக்காங்க. எழுதிக் கொடுத்தவங்க ஒழுங்கா எழுதிக் கொடுத்திருக்காங்க. இதை எங்கிட்டக் காட்டியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை."

மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. பிறகு அதைவிடக் கடுமையான வேறொன்று. அது ஏறும்போது அவருக்குக் குளிரில் பல் கிட்டியது. மனைவி மூன்று போர்வை போர்த்தினாள். காய்ச்சல், வாந்தி, வாயெல்லாம் புண். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அக்கா வேலை முடிந்து தினமும் வந்தாள். துணி மடித்தாள், நர்ஸிடம் பேசினாள், மனைவியைச் சாப்பிட அனுப்பினாள். அவரிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினோராம் நாள் அவரே தாங்கமாட்டாமல், "அக்கா, திட்டவாவது திட்டு" என்றார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தாள். "எதுக்குடா திட்டணும்? கொடுத்ததை நீ தொலைச்சிருந்தா நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன். அந்தக் கடிகாரக்காரர் மாதிரி அதுவா போயிருந்தா உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். எங்கிட்டகூட வேண்டாம், அந்த டாக்டர் பொண்ணு வாய விட்டுக் கேட்டாளே, அத்தன தடவ கேட்டாளே. அவகிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கு இல்லையா பயம்?" என்றாள் அக்கா. "ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சுத் தள்ளிட்டுப் போனப்ப எனக்கு இல்லையா?"

அன்றைக்குப் போகும்போது அவர் கால்மாட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மருந்துக்காரம்மா ஊரிலிருந்து வந்ததும் விஷயம் கேள்விப்பட்டுத் தானே வேனை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் புதுப் பொட்டலம் இருந்தது. படுக்கையில் இருந்தவரைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"கேட்டேன்னு சொன்னீங்களே மாஸ்டர்."

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா காலத்துல இந்த மாத்திரையெல்லாம் கிடையாது. எனக்கும் தெரியல. தெரியாதுன்னுதானே கேட்டுட்டு வரச் சொன்னேன்" என்றார். நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய், கடையில் இருக்கிற சரக்கின் பட்டியல் முழுவதையும் கொடுத்து, எதை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். பெரிய மருந்து சாப்பிடுகிறவர்கள் கடைக்கு வந்தால், டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு வேரைக்கூடத் தருவதில்லை என்று பிறகு கேள்வி. மாஸ்டரோடு மறுபடியும் அவர் பேசினாரா என்று தெரியவில்லை.

சிறுநீரகம் முழுதாகப் போகவில்லை. பாதிக்கும் கீழே வேலை செய்தது. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "பொய் சொல்ல விரும்பல. ஒரு வருஷமும் ஆகலாம், ஆறு வருஷமும் ஆகலாம்" என்றார். மாத்திரை ஐந்தும் ஐந்துமாக ஏறியது. கை முன்பைவிட மோசமாக நடுங்கியது. பள்ளியில் அவரைக் காரிலிருந்து இறக்கி வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் மாட்டிய படங்களைக் காட்டிச் சாலைக் குறியீடுகளைச் சொல்லித்தர வேண்டும். குச்சியை எடுத்துக் காட்டும்போது அதன் முனை படத்தின் மேல் அலைபாயும். எந்தக் குறியீட்டைக் காட்டுகிறார் என்று தெரியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள். அதனால் எண் போட்டு, எண்ணைச் சொல்லிப் பாடம் நடத்தினார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மனைவி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகமோ என்று கேட்டார். தலையசைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகக் கையைத் தூக்கியபோதுதான், முழங்கையின் உள்மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டரை அவர் பார்த்தார். ரத்தம் எடுக்கிற இடம். அந்த ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற பிளாஸ்டர். நூறு தடவை அவர் கையில் இருந்தது.

"என்ன இது?"

அவள் கையை இறக்கிக்கொண்டாள். "சும்மா. என்னோட சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துமான்னு முன்கூட்டியே பாத்து வச்சுக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் கேட்டேன்."

"எனக்குச் சொல்லலையே நீ?"

"ரிசல்ட் வரட்டும், சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவர் கூடத்திலேயே நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சரி என்று சொல்லவும் வாயெடுத்தார். இரண்டும் வரவில்லை.